லைட்டை நூருங்கோ

சலப்பையாறு தாண்டி, தாழம்பற்றை ஓரம்
கூடாரம் அடித்தோம், நாலு பேர்.
சூடைமீன் சுட்டுத் தின்ற கையோடு
பேய்க்கதை தொடங்கினான் பெனில்டஸ்:
தலையில்லாத பாதிரியார்,
கிணற்றுக்குள் பால் கேட்கும் குழந்தை.
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல்.

அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து
ஒரு பெண், குரலைத் தாழ்த்தி:
"லைட்டை நூருங்கோ தம்பியவை,
நேவி வாற நேரம்."

ஒருவரும் யாரென்று கேட்கவில்லை.
பேயை நம்பாத கோகுலன்தான்
முதலில் டோர்ச்சை நூர்த்தான்.
பிறகு போன்கள்.
பிறகு, மண் அள்ளிப் போட்டு, நெருப்பு.

கடல்.
எங்கோ துடுப்பொன்று தண்ணீரில் பட்டது,
ஒரேயொரு தரம்.

அதுவரை அடக்கியிருந்த மூச்சை
எங்களைச் சுற்றி
மெல்ல விட்டார்கள்,
கன பேர்.

விடிய, மணலில்
நண்டு ஓடிய கோடுகள்.
விக்கல் எப்போது நின்றதென்று
எனக்குத் தெரியாது.