மைனர்

சர்வே எண் 214, உட்பிரிவு 3பி.
புஞ்சை, மூன்று ஏக்கர் பதினெட்டு சென்ட்.
உரிமையாளர்: அருள்மிகு திம்மராயசுவாமி.
தகப்பன் பெயர் கேட்கும் கட்டத்தில்
எனக்கு முன்னால் இருந்த யாரோ
பணிவாக ஒரு கோடு கிழித்திருந்தார்.

சூளகிரியில், உரக்கடை மாடியில்
நிலமெடுப்பு அலுவலகம்.
நான் அங்கே இளநிலை உதவியாளன்.
ஸ்கூட்டர் கம்பெனிக்கு அறுபதடிச் சாலை;
அதில் முப்பத்தெட்டடி
சாமியின் மேல் போகிறது.

சட்டத்தின் கண்ணில் சாமி மைனர்.
மலையோடு மலையாய் முளைத்தவருக்குப்
பதினெட்டு நிறைவதே இல்லை.
மைனருக்குக் காப்பாளர் அரசு.
மைனரின் நிலம் கேட்பதும் அரசு.

ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று
கருவறைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினேன்.
பூசாரி லகுமய்யா அதைக் கிழிக்கவில்லை.
சாமிக்கு வந்த காகிதமாயிற்றே என்று
நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார்.

விசாரணை நாள்.
சாமி சார்பில் அறநிலையத்துறைச் செயல் அலுவலர்,
அரசு சார்பில் எங்கள் தனி வட்டாட்சியர்.
ஒருவர் வண்டி பழுது;
ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.
இரண்டு கோப்பிலும் ஒரே கோபுர முத்திரை.
ஒருவர் கேட்டார், ஒருவர் சம்மதித்தார்,
நடுவில் நான் ஸ்டேப்ளர் தேடினேன்.

குத்தகைக்காரி நாகரத்தினம்மா மட்டும்
கூடையோடு எழுந்தாள்.
"சாமி பேசாதுங்க, நான் பேசறேன்.
தக்காளி இப்பத்தான் பூ விட்டிருக்கு."
ஏழு வருஷக் குத்தகை பாக்கி என்றார் செயல் அலுவலர்.
அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள்.
"எம்பையன் அனுமேசுக்கு உள்ளார
ஒரு வேலை போட்டுக் குடுத்தா
சாமிக்குச் சம்மதம்தானாம்."
இதையும் பதிவு செய்யலாமா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றார்கள்
இருவரும், ஒரே குரலில்.

கீழே டீக்கடையில்
தர்கா முத்தவல்லி இம்தியாஸ் பாஷா
லகுமய்யாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்:
"சென்ட்டுக்கு என்ன போட்டாங்க?
எங்களுக்கும் இதே ரோடுதான்.
ஃபைல் சென்னையில கெடக்குது."
லகுமய்யா விரல் மடக்கிச் சொன்னார்.
பாஷா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

பெயர்த்த இரவு கம்பெனி கிரேன் வந்தது.
ஓட்டுநர் ஒடிசாப் பையன்.
கல்லைத் தூக்குமுன் ஷூவைக் கழற்றினான்.
பாதுகாப்பு அதிகாரி திரும்பப் போடச் சொன்னார்.
ஒரு காலில் போட்டுக்கொண்டு
இன்னொரு வெறுங்காலால்
பெடலை மிதித்தான்.

இப்போது கிரானைட் தளம், கேமரா இரண்டு,
கம்பெனி நிதியில் ஒரு விமானம்.
எருதுவிடும் விழா
ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டது.
ஷிப்டு கெடக்கூடாது;
ஆட்சியர் அலுவலக அனுமதியில் பதினோரு நிபந்தனை.
பஞ்சாங்கத்தை யாரும் கேட்கவில்லை,
லகுமய்யா உட்பட.

முதல் ஷிப்டு பேருந்து திரும்பும்போது
ஜன்னலோரக் கைகள்
கன்னத்தைத் தொட்டு இறங்கும்.
அதில் அனுமேசு உண்டா என்று
எப்போதாவது பார்ப்பேன்.
சாமி மார்பில்
சாலை ஒப்பந்தக்காரர் போட்ட தங்கச் சங்கிலி:
மைனர் செயின்.

இழப்பீடு இரண்டு கோடியே பதினோரு லட்சம்.
சாமி பேரில் வைப்புநிதி கட்டப்
போனவன் நான்தான்.
வங்கிப் படிவம் கேட்டது:
மைனர் வயதுக்கு வரும் நாள்?
காலியாக விட்டேன். கணினி ஏற்கவில்லை.
மேலாளர் பெண் சற்று யோசித்து
31-12-9999 என்று அடித்தாள்.
ஏற்றுக்கொண்டது.

"அன்னிக்கு அவரே நேர்ல வரணும் சார்,"
முத்திரை குத்தியபடி சொன்னாள்,
"அசல் அடையாள அட்டையோட."