தேத்தண்ணிக்கு முந்தின அரைமணி

விடிய ஐந்தே முக்கால்.
வெறுவயிற்றில் ஒரு வெள்ளைக் குளிசை,
பச்சைத் தண்ணி இரண்டு மிடறு.
இனி அரைமணிக்குத் தேத்தண்ணி கிடையாது.
அவர் கேத்திலை வைத்துவிட்டு
என்னைப் பாராமல் நிற்கிறார்.

என் கழுத்தை முதலில் பிடித்தது அளவுநாடாதான்.
கோண்டாவில் சந்தியில் பதினேழு வருசமாய்
ஊர்ப் பெண்டுகளின் சட்டைக்குக் கழுத்து வெட்டுகிறேன்.
என்னுடையதில் அரை அங்குலம் பிழைத்த அன்று
துணி சுருங்கிவிட்டதென்று
கடைக்காரனைப் போய் ஏசினேன்.

இடுப்பு முப்பத்தாறு. பிறகு நாற்பது. பிறகு அளக்கவில்லை.
"சோத்தைக் குறையுங்கோ மச்சாள்" என்றாள் தவராணி,
தன் கோப்பையில் மூன்றாம் அகப்பை போட்டபடி.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் இலக்கம் அறுபத்தெட்டு.
மருதங்கேணிப் பிள்ளை, புது டொக்டர்,
கொப்பியின் பின்மட்டையில் கீறிக் காட்டினாள்.
"கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை அக்கா.
அதுவும் ஹோமோன் சுரக்கும். லெப்டின் எண்டு பெயர்.
'இருப்பு இருக்கு, போதும்' எண்டு மூளைக்குச் சொல்லும்.
ஓயாமல் சொன்னால் மூளைக்குக் காது மரத்துப்போம்.
தைரொயிட்டை உசுப்புகிற ஹோமோன் மட்டும்
அந்தச் சத்தத்தில் கொஞ்சம் ஏறக்கூடும்."

"அப்ப கொழுப்பாலே கழுத்தோ, கழுத்தாலே கொழுப்போ?"

பேனையைக் கடித்தாள்.
அம்புக்குறியை இரண்டு பக்கமும் போட்டாள்.
"முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது."

பிடித்துப்போயிற்று எனக்கு, அந்தத் தெரியாது.

"பட்டினி கிடந்தால்?"
"செய்தி குறைஞ்சிடும். பஞ்சம் வந்திட்டுதெண்டு
மூளை கழுத்துக்குச் சொல்லும், திரியைக் குறை."

திரியைக் குறை.
தொண்ணூற்றைந்து, கொடிகாமம்.
ஜாம் போத்தலுக்குள் ஒரு விரற்கடை மண்ணெண்ணெய்,
பதினொரு பேருக்கு ஒரு வெளிச்சம்.
எனக்குப் பன்னிரண்டு வயது.
இதே சொல்லைத்தான் இரவிரவாய்க் கேட்டது.
அதற்கும் இதற்கும் தொடுப்பு இருக்கோ
என்று டொக்டரிடம் கேட்கவில்லை.
அறுபத்தொன்பதைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கேத்தில் கொதிக்கிறது. இன்னும் ஏழு நிமிசம்.
அவர் சீனிப் போத்தலை எடுத்து, யோசித்து,
திரும்ப வைக்கிறார்.

எந்தச் சட்டை தைத்தாலும்
உள்மடிப்பில் துணி விட்டுத்தான் தைப்பேன்,
பிரிக்க ஒரு நாள் வருமென்று.
வீண்செலவென்று ஏசுகிறவர்கள் உண்டு.
நான் அப்படித்தான் பழகியவள்.
என் உடம்பும்.