சனி அவன், ஞாயிறு நான்

கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டில் எழுதினேன்:
வீடு விற்பனைக்கு.
மலாயில், உந்தோக் டிஜுவால்.
சீனத்தில், எதிர்வீட்டு மிசஸ் ஊய் துண்டுச் சீட்டில் தந்ததைப்
படம் வரைவதுபோல் பார்த்துப் பார்த்து இழுத்தேன்.
கீழே, மூன்று மொழியிலும் தடித்த எழுத்தில்:
ஏஜென்ட் வேண்டாம்.

முதல் ஒன்பது அழைப்பும் ஏஜென்ட்.
"வேண்டாம்னு எழுதியிருக்கீங்களே, அதான் கூப்பிட்டேன்" என்றான்
பாயான் பாருவிலிருந்து ஒரு பையன்.
சிரித்துவிட்டேன்.
பாவம், அவனுக்கும் மாதக் கடைசி.

ஜெலுத்தோங், நான்காவது மாடி, மூன்று அறை,
லிஃப்ட் கிடையாது.
மூன்று லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி.
இரண்டு விழுக்காடு மிச்சம் பிடித்தால் ஏழாயிரத்து அறுநூறு,
ஆளுக்கு மூவாயிரத்து எண்ணூறு என்று
தனபாலன் கணக்குப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.
பிரிந்தபின் அவனிடமிருந்து வந்த
மிக நீளமான செய்தி அதுதான்.

சனிக்கிழமை அவன் காட்டுவது, ஞாயிறு நான்.
சாவி மீட்டர் பெட்டிக்குள்.
அவனுடைய சனிக்கிழமையை
நான் வந்துதான் படிப்பேன்:
கழுவிக் கவிழ்த்த ஒற்றைக் கிளாஸ்,
ஒழுகல் கறையை மறைத்து நிற்கும் நாற்காலி.
நாற்காலியை நகர்த்திவிட்டுத்தான்
கதவைத் திறப்பேன்.

மழை மேற்கிலிருந்து வந்தால் இந்த மூலை நனையும் என்பேன்.
காற்று திரும்பினால் குப்பைமேடு நாறும் என்பேன்.
ஏஜென்ட் இருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பான்.

ஒருவர் திசைகாட்டியோடு வந்து
வாசற்கதவோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்.
ஓர் அம்மாள் மூக்கைச் சுருக்கி,
"இந்தச் சாம்பிராணி வாடை போக எத்தனை நாளாகும்?"
"வருவதற்குப் பதினான்கு வருடம் ஆனது" என்றேன்.
அப்புறம் படியில் செருப்புச் சத்தம், நான்கு மாடிக்கும்.

எல்லாரும் கிளம்பும்போது கேட்பார்கள்,
ஏன் விற்கிறீர்கள்?
முழங்கால், என்பேன். மாடி ஏற முடியவில்லை.
எனக்கு நாற்பத்திரண்டு வயது.
யாரும் சந்தேகப்படவில்லை.

ஐந்தாவது ஞாயிறு ரொஹானா வந்தாள்,
பொது மருத்துவமனையில் தாதி, இரவு ஷிப்ட் முடிந்த கண்கள்.
நேற்றும் வந்தாளாம்.
நேரே சமையலறைக்குப் போய்ச்
சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.
"இங்கே நின்றுதான், விடியும்போது
பாலத்து விளக்குகள் அணைவதைப் பார்ப்பீர்களாம்.
கையில் தேநீர் ஆறிப்போகுமாம்.
அவர் சொன்னார்."

பதினான்கு வருடம்
என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறான்.
ஒரு சொல் சொல்லாமல்.
வீட்டை விற்க வேண்டிவந்ததும் சொல்கிறான்,
வாங்க வந்தவளிடம்.

"ஏன் விற்கிறோம் என்று அவரைக் கேட்டீர்களா?"
"கேட்டேனே. மனைவிக்கு முழங்கால் வலி என்றார்."

யார் போய்ச் சொன்னார்கள் அவனிடம்?
திசைகாட்டிக்காரரா? அந்த அம்மாளா?
எங்கள் கல்யாணத்துக்கும் தரகர் இல்லை.
பார்த்தோம், பிடித்தது,
பதிவு அலுவலகத்தில் நண்பர்கள் இரண்டு பேர் சாட்சி.
இடையில் ஓர் ஆள் இருந்திருந்தால்
இவ்வளவையும் அப்போதே
இங்கிருந்து அங்கே சொல்லியிருப்பாரோ என்னவோ.

ரொஹானா ஐயாயிரம் குறைத்துக் கேட்டாள்.
ஒழுகலுக்கு மூவாயிரம் குறைத்தேன்.
குப்பைமேட்டுக்கு ஒன்றும் குறைக்கவில்லை.

லெபோ பந்தாயில் வக்கீல் ஆபீஸ்.
அவன் பேனா எழுதவில்லை, என்னுடையதை நீட்டினேன்.
என் பெயருக்கு மேலே அவன் பெயர்,
பழைய பத்திரத்தில் இருந்த அதே வரிசை.
"முழங்கால் எப்படி இருக்கு?"
"பரவாயில்லை" என்றேன்.
அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது.
படியில் இறங்கினோம்.

போர்டைக் கழற்ற மறந்துவிட்டேன்.
இன்று காலைகூட ஓர் அழைப்பு.
ஏஜென்ட்தான்.