ஊமைக் கட்டை

அருவங்காட்டு ஆலயத்து ஆர்கனில்
நடுவே ஒரு கறுப்புக் கட்டை ஊமை.
அழுத்தினால் காற்று மட்டும் வரும்,
தூங்குகிறவர் மூச்சு மாதிரி.

திரிபேனாள் அக்காவுக்குப் போலியோக் கால்.
அவள் வாசிக்க, நான் கீழே குந்தி
இரண்டு கையாலும் மிதியை அமுக்குவேன்.
ஒன்பது வயது.
மரப்பெட்டிக்குள் அந்துருண்டை வாசம், எலிப் புழுக்கை.
அந்த இடம் வரும்போதெல்லாம்
பாட்டில் ஒரு படி குறையும்.
தேவனுடைய பங்கு போலிருக்கிறது,
தசமபாகமாய் எடுத்துவைத்துவிட்டார்கள்
என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்குக் கார்டைட் பாக்டரி.
தீப்பெட்டி வைத்துக்கொள்ளாத சட்டைப் பை.
கிறிஸ்துமஸ் இரவிலும் மெழுகுவர்த்தியை நீட்டி
பக்கத்து பெஞ்சில் நெருப்புக் கேட்பார்.
எனக்குப் பதினேழு நடந்தபோது
ஒரு செவ்வாய்க்கிழமை
நேரம் தப்பி ஊதியது சங்கு.

திடப்படுத்தல் ஆராதனைக்கு முந்தின நாள்
"விசுவாசிக்கிறாயா?" என்றார் ஆயர்.
"குளிருது" என்றேன்.
அதற்கப்புறம் எந்தப் பாட்டுக்கும்
நான் வாய் திறக்கவில்லை.

கோவையில் நர்சிங். மஸ்கட்டில் எட்டு வருஷம்.
இரவெல்லாம் வென்டிலேட்டர்கள்,
காற்று மட்டும் வரும்.
நாலாம் படுக்கைக்காரர் அடங்கிய விடியலில்
போர்வையை மடித்தபடி என்ன முனகினேனோ,
கூட இருந்த பிலிப்பீன்ஸ்காரி கேட்டாள்:
"நல்லாத்தானே போகுது,
நடுவில் ஏன் ஒரு இடத்தில் நிறுத்துகிறாய்?"

இந்த டிசம்பரில் வந்திருக்கிறேன்.
கேத்திப் பள்ளத்தில் உறைபனி,
கேரட் தோட்டங்கள் உப்புப் பூத்த மாதிரி.
அக்கா இப்போது ஓசூரில்.
ஆராதனை நடுவில் கரண்ட் போனது,
கீபோர்டு செத்தது.
"ஒனக்குத் தெரியுமே பிள்ளே" என்று யாரோ சொல்ல
மூலையில் கிடந்த பழைய பெட்டியை இழுத்தார்கள்.

கால் எட்டியது.
மூன்றாம் வரியில் அந்தக் கட்டை.
விரல் பழக்கத்துக்கு அதன்மேல் போய் நின்றது.
காற்று.
அப்போதுதான் கேட்டேன்
அந்தச் சுரத்தை.
பின் பெஞ்சு வாட்ச்மேன் யோசேபாத்து,
தலையில் மப்ளர் கட்டிய ரிட்டயர்டு பாக்டரி ஆட்கள்,
பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி,
அத்தனை பேர் தொண்டையிலும் இருந்தது அது.

அன்றைக்கும் பாடித்தான் இருப்பார்கள்.
பெட்டிக்குக் கீழே எனக்குக் கேட்டதெல்லாம்
மிதியின் கிறீச்சுதான்.

யோசேபாத்து கொஞ்சம்
சுருதி தாழ்த்தித்தான் பாடுகிறார்.
அவருக்காகக் கடைசி அடியை
இன்னொரு தடவை வாசித்தேன்.