ஒற்றைக்கால்

மூலனூரிலிருந்து கூரியரில் வந்தது.
சத்துவாச்சாரி ஆபீசில் இம்தியாஸ்
டப்பாவை ஆட்டிப் பார்த்து
"உள்ளே என்னக்கா, பூமராங்கா?" என்றான்.
கலப்பைக் கிழங்கு.
இரண்டு காலில் ஒன்று
வழியிலேயே முறிந்திருந்தது.

மிச்சக் காலின் நுனியில்
கடுகளவு வெளுப்பு. அதுதான் கண்.
அது போனால் கிழங்கு வெறும் மாவு.

வீடு கட்டி மிஞ்சிய பாலாற்று மணல்,
பெயிண்ட் வாளி,
நான்கு விரல் ஆழம், படுத்த வாக்கில்.
முளைக்கும் வரை தண்ணீர் காட்டாதே
என்றிருந்தது சீட்டில்.
காட்ட இங்கே என்ன இருக்கிறது?
கத்திரி வெயில்.
டேங்கர் ஒன்பது நாளுக்கு ஒருமுறை.
எதிரே
ஒரு மரத்தைக்கூட ஒளித்துவைக்கத் தெரியாத மலை.

வீட்டுக்காரர் தெய்வசிகாமணி
கட்டைவிரல் வீங்கி, சுவரைப் பிடித்து
மாடிக்கு வந்தார்.
"விஷமாமே. குழந்தை குட்டி வர்ற வீடு. எடுத்துடும்மா."
அவரைத் தேடி எந்தக் குழந்தையும்
வந்து நான் பார்த்ததில்லை.
"முளைக்கட்டும் சார், எடுத்துடறேன்" என்றேன்,
முளைக்காது என்ற தைரியத்தில்.

பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் ராத்திரி மழை.
எட்டு நாள் கழித்து, நடுவில் இல்லை,
வாளி விளிம்பை ஒட்டி
பச்சைப் பென்சில் முனை ஒன்று.

அப்புறம் அதற்கு அவசரம்.
இலை நுனியே சுருண்டு விரலாகி
கேபிள் ஒயரைப் பிடித்தது,
துணிக்கயிற்றைப் பிடித்தது,
ஒரு ஞாயிற்றுக்கிழமை
தெய்வசிகாமணியின் பனியனைப் பிடித்தது.

கத்தரிக்கோலோடு ஏறி வந்தார்.
ஆற்காடு ரோடு மருந்துக்கடையில்
அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான்தான்.
"உங்க கட்டைவிரலுக்குப் போடறீங்களே சார்,
அது இதோட சத்துதான்.
அரை மில்லிகிராம்."

கொடியைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.
வெகுநேரம் நின்று
கத்தரித்தார்,
பனியனை.

அந்தக் கந்தல் துண்டுக்கு மேலேதான்
முதல் பூ.
தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு
இதழ்களை மட்டும் மேலே வாரியிருந்தது.
முதல் நாள் எலுமிச்சை.
நாலாம் நாள் அடுப்பு.
அவர் தினமும் ஒரு படி குறைவாக முனகியபடி
வந்து பார்த்துவிட்டுப் போனார். பேசவில்லை.

தை முடிவில் வாளியைக் கவிழ்த்தேன்.
பழைய கிழங்கு உரித்துப்போட்ட தோல்.
அதன் இடத்தில்
இரண்டு காலும் முழுசாய் ஒன்று.
"ஒரு கால் எனக்கு" என்றார்.
உடைக்க மனசில்லாமல் உடைத்தேன்.

பங்குனியில் வாடகை முந்நூறு ஏற்றினார்.
கீழே அவர் வாசலில்
புது வாளி.
அதன்மேல் கறுப்பு மார்க்கரில்:
விஷம். தொடாதே.
தண்ணீர் ஊற்றாதே.