மதிப்பு: கோடி

எல்லையைச் சாத்தியிருந்த மாதம்.
பள்ளிக்கூடமும் சாத்தியிருந்ததால்
தமிழ் டீச்சரான என்னை
வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு அனுப்பினார்கள்,
பாஸ் பார்க்கவும், பேச்சைப் பெயர்க்கவும்.

ஒரு பிளாஸ்டிக் மேசை.
ரெஜிஸ்டர் பறக்காமலிருக்க ஒரு செங்கல்.
வெயில் ஏற ஏற
மேசையை இழுத்துக்கொண்டு
வாகை நிழலின் பின்னால் போவேன்.
நிழல் சிலசமயம் எல்லை தாண்டிவிடும்.

காவலர் பிஜேஷுக்குக் கண்ணூர்ப் பக்கம்.
"வரியில் நிக்கணும், வரியில்!" என்று கத்துவார்.
அவர் சொன்னது வரிசையை.
இந்தப் பக்கத்து ஆட்கள் சட்டைப்பையைத் தடவுவார்கள்,
எவ்வளவு வரியோ என்று.
முதல் நாள் சிரித்தேன்.

அன்று விடிந்தும் விடியாமல் ஒரு மொபெட்.
பெயர் சென்னியப்பன்.
ஊர் க.க.சாவடி.
"ஏனுங் டீச்சர், பாஸெல்லாம் நமக்குத் தெரியாதுங்.
எருத்தேன்பதீல அக்கா.
வெடியால நாலு மணிக்குப் போயிருச்சு.
பொறந்தவன் கோடி வராம எடுக்கமாட்டாங்க."

போனில் 'காரணம்' என்ற கட்டத்தைத் தொட்டேன்.
திருமணம், சிகிச்சை, மரணம் என்று விரிந்தது.
மரணத்தைத் தொட்டேன்.
சான்றிதழ் கேட்டது.
சான்றிதழ் தருகிற பஞ்சாயத்து பத்தரைக்குத் திறக்கும்.
அதுவும், எடுத்த பிறகுதான் எழுதும்.

"முறைப்படி வரச் சொல்லுங்க டீச்சர்" என்றார் பிஜேஷ்
அவருடைய மலையாளத்தில்.
"முறைக்குத்தானுங்க வந்திருக்கறன்" என்றார் இவர்.
யாருக்கு எதைப் பெயர்ப்பது?
ரெஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

சரக்குக்குத் தடையில்லை.
தக்காளி போனது.
பால் போனது.
கறிக்கோழி லாரி ஒன்று கம்பத்தடியில் நின்று போனது,
அத்தனை கோழியும்
எங்களைப் பார்த்தபடி கேரளத்துக்குள் நுழைந்தன.
சென்னியப்பனும் அவற்றைப் பார்த்தார்.
எதுவும் சொல்லவில்லை.
ஹேண்டில்பாரில் தொங்கிய கவரை மட்டும்
கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிரிக்கச் சொன்னோம்.
அரக்கு நிறம், பொடிக்கரை,
விலைச்சீட்டு கிழிக்காத சேலை.
கடையெல்லாம் பூட்டிக் கிடக்கையில் இது ஏது என்றேன்.
"பாப்பா கண்ணாலத்துக்கு எடுத்ததுங்.
அதான் தள்ளிப்போட்டாச்சுங்களே."

சரக்கு ரெஜிஸ்டரைத் திறந்தேன்.
பொருள்: துணி.
எண்ணிக்கை: ஒன்று.
மதிப்பு என்ற இடத்தில்
சீட்டில் இருந்த விலையை எழுதத்தான் போனேன்.
கை கோடி என்று எழுதியது.

பிஜேஷ் குனிந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது.
வாசிக்கச் சொன்னார்.
வாசித்தேன்.
"கோடியோ?" என்றார்.
பிறகு இன்னொரு தரம், தாழ்ந்த குரலில், "கோடி."
முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.
நாள் முழுக்க எனக்குக் கூலி தந்த வேலை,
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வேண்டியிருக்கவில்லை.

(சாயங்காலம் தாலுக்காவிலிருந்து கேட்டார்கள்:
துணி ஒன்று, மதிப்பு கோடி,
எத்தனை சைபர் டீச்சர்?
அடித்து எழுதுங்கள் என்றார்கள்.
அடிக்கவில்லை. மை தீர்ந்தது என்றேன்.)

அந்தப் பக்கம் அக்காள் மகன் வந்து நின்றான்,
மொட்டைத்தலை இன்னும் போடவில்லை,
காலில் செருப்பில்லை.
பிஜேஷ் லத்தியை என் மேசையில் சாய்த்துவிட்டு
கவரின் மேல் சானிடைசரை இரண்டு முறை தெளித்தார்,
பன்னீர் தெளிக்கிற மாதிரி.
இரண்டு கையாலும் ஏந்திப் போனார்.
பன்னிரண்டு அடி இருக்கும்.

ஆளுக்கு அனுமதியில்லை. ஆள் இங்கேயே நின்றார்.
மொபெட் நிழலில் இல்லை, வெயிலில்.
தாரில் செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.
உட்காரச் சொன்னேன். என் நாற்காலியைத் தள்ளினேன்.
"இருக்கட்டுங்" என்றார்.

பதினொன்றே காலுக்கு அவர் போன் அடித்தது.
காதுக்குக் கொண்டுபோகத் தெரியாமல் நெஞ்சருகே பிடித்திருந்ததால்
எங்கள் எல்லாருக்கும் கேட்டது,
"சாத்தியாச்சுங் மாமா."