புள்ளி செத்த பலகை

தாடைக்கு ஒரு தாங்கி, நெற்றிக்கு ஒரு பட்டை,
இருட்டறை. பாளையங்கோட்டை, இரண்டாம் மாடி.
நாற்பது பேர் வந்தார்கள்.
நாற்பது பேருக்கும் ஒரே எழுத்து,
கண்ணிமைக்கும் நேரத்தில் பாதி.
என்ன தெரிந்தது?
கொம்பு, என்றார்கள் பலர்.
சே-யில் முதலில் கண்ணில் படுவது இரட்டைக் கொம்பு,
ஒலிப்பதோ அப்புறம்.
கொம்பைக் கண்டபின்தான் மாடு என்று
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.
அறிக்கையில் அதற்கு இடமில்லை.

கருப்பில் மஞ்சள். கோட்டின் தடிப்பு இவ்வளவு,
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இவ்வளவு.
அட்டவணை அழகாக வந்தது.
பேருந்துப் பலகைக்கு இது போதும் என்றிருந்தேன்.

எங்கள் கூடத்தில் கம்பி இணைக்கும்
மேலப்பாளையத்து மைதீன் பிச்சை கேட்டார்:
"பஸ் ஸ்டாண்டுல தாடைய யாரு மேடம்
புடிச்சிக்கிட்டு நிப்பா?"

வேய்ந்தான்குளம். ஆனி மாதம், நாலரை மணி.
கண்ணுக்கு நேரே வெயில், வாய்க்கு நேரே மண்காற்று.
சேர்ந்தமரம் வண்டி முகத்தைத் திருப்புவதற்குள்
கைக்குட்டை, தூக்குவாளி, ஒரு குழந்தையின் செருப்பு
ஜன்னல் வழியே இடம் பிடித்துவிட்டன.
நூற்றிப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள்.
பலகையை நிமிர்ந்து பார்த்தவர் பத்தொன்பது.
மற்றவர்கள் எதைப் பார்த்தார்கள்?
வண்டியின் நசுங்கிய இடது கன்னத்தையா,
டிரைவர் தோளின் பச்சைத் துண்டையா,
எலுமிச்சை மாலை வாடியிருந்த வாட்டத்தையா,
ஓடுகிறவர்கள் ஓடுகிற திசையையா?
பிரித்துக் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.
"நம்ம வண்டில்லா, தெரியாதாக்கும்?"

அன்றிரவு அட்டவணையில் மூன்று பக்கம் அடித்தேன்.
முகத்தை மூக்காகவும் காதாகவும் அறுத்துவைத்து
இது யாரென்று கேட்டிருக்கிறேன், நாற்பது பேரிடம்.
கண் முழுசாகத்தான் காண்கிறது என்று எழுதினேன்.
எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஞானப்பூ
சேரன்மகாதேவி வண்டியில் ஏறிவிட்டாள்.
சேர்ந்தமரத்தில் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு.
மடியில் வளையல் பெட்டி.
தருவை தாண்டித்தான் ஜன்னலில் ஊர் மாறியது தெரிந்திருக்கிறது.
திரும்பி வந்து எங்கள் மேசை முன் நின்றாள்.
"பலகையப் பாக்காம ஏறுனீங்களா?"
"பாத்துத்தான் ஏறுனேன். சே இருந்துச்சு, ர இருந்துச்சு.
புள்ளியக் காணல. செத்துப் போயிருக்கும்னு நெனச்சேன்.
ஒங்க லைட்டுல பாதிப் புள்ளி செத்துத்தான கெடக்கு."
மிச்ச எழுத்து ஓடி வருவதற்குள்
கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

ஓலை கிழியுமென்று புள்ளி வைக்காமல் எழுதி,
வாசிக்கிறவன் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்ட மொழி.
ஞானப்பூவும் வைத்துக்கொண்டாள்,
இல்லாத இடத்தில்.

மைதீன் பிச்சை ஏணி போட்டு ஏறி
சேர்ந்தமரம் பலகையில் ஒற்றை விளக்கை மாற்றினார்.
கடுகளவு. ஏழு ரூபாய்.
நான் முகத்தைப் பார்ப்பேன் என்று தெரிந்து
இறங்கியதும் டீ வாங்கப் போய்விட்டார்.

அறிக்கையின் கடைசிப் பத்தி இன்னும் வெறுமையாக இருக்கிறது.
வண்ணார்பேட்டைக்கு ஏறினேன். பலகை பார்க்கவில்லை.
உள்ளிருந்து, முன்கண்ணாடியில்,
பலகையின் வெளிச்சம் இடவலம் மாறிக் கிடந்தது.
ஊர்ப்பெயர் தெரியவில்லை, புள்ளிகள் தெரிந்தன.
செத்தவை பதினொன்று வரை எண்ணினேன்.
பன்னிரண்டாவது செத்ததா, மினுக்குகிறதா என்று
குனிந்து பார்ப்பதற்குள்
வண்ணார்பேட்டை பின்னால் போய்விட்டது.